உருகாத பனி

சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்குப் பொன்கழுகு சுனா கூண்டுக்குள் செத்துக் கிடப்பது தெரிந்தது. எட்டு மணிக்கெல்லாம், மறுநாள் விழாவுக்காக முன்பே மலைக்கு வந்து தங்கியிருந்த தொலைக்காட்சிக்காரர்கள் காமிராவோடு வந்து இறங்கிவிட்டார்கள். எட்டரைக்குத்தான் மலைக் காவல் சாவடிக்குத் தகவல் போனது. சார்ஜென்ட் துர்குத்துக்கு இந்த வரிசையைக் கேட்டபோதே பிடிக்கவில்லை.

"எழவு வீட்டுல மொத ஆளாப் படம் பிடிக்கிறவனைக் கூப்பிட்டிருக்காங்க. வெளங்கும்" என்றார், ஜீப்பை ஓட்டிய காவலரிடம்.

கார்ஸ் மலைநாட்டில் குளிர்காலம் வந்தால் அடிபட்ட விலங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. கண்ணியில் கால் நசுங்கிய நரி, மின்கம்பியில் மோதிய ஆந்தை, குண்டு பட்ட கழுகு என்று ஊர்க்காரர்கள் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து பைன்மர ஓடைக் காப்பகத்தின் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். சுனாவும் அப்படி வந்ததுதான். சிறகொடிந்து வந்து, மருந்தும் கவனிப்புமாகத் தேறி, ஞாயிற்றுக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பறக்கவிடப்பட இருந்தது. அதற்கு ஒரு நாள் முன்னால் இப்படி.

துர்குத் போய்ச் சேர்ந்தபோது காப்பகத்துத் தலைவி டாக்டர் பெர்ரின் காமிரா முன் அழுதுகொண்டிருந்தாள். "இவளை என் மக மாதிரி பாத்துக்கிட்டேன்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. காற்றுச் சத்தம் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றான் காமிராக்காரன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே சொல்லில் குரல் உடைந்தது.

துர்குத் பனியில் துப்பினார்.

"நீங்க ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல, சார்ஜென்ட்" என்று ஓடி வந்தார் நுஸ்ரெத். காப்பகச் சங்கத்தின் தலைவர் அவர். மேலே பனிச்சறுக்கு ஓட்டல் நடத்துகிறவர். "ஆளைப் பிடிச்சு வெச்சிருக்கோம். இங்க தீனி வைக்கிற அந்த ஹிதிர் பய. அவன் அலமாரியில ஓநாய்க்கு வைக்கிற விஷம் ஒரு பொட்டலம் கெடந்துச்சு. ஏத்துங்க, கொண்டு போங்க. எனக்கும் வேலை கெடக்கு. நமக்குப் புதுக் கட்டடம் கட்டித் தர்ற பெரிய மனுஷன் என் ஓட்டல்ல தங்கியிருக்கார். நேத்து சாயங்காலம் பனி சரிஞ்சு கீழ எறங்குற பாதை அடைச்சதுல மாட்டிக்கிட்டார். மத்தியானம் பாதை தெறந்ததும் அவரை வழியனுப்பணும்."

"யார் அவரு?"

"கழுகுப் பிரியர். பெரிய பண்ணை வெச்சிருக்கார். நரி மேல கழுகை ஏவி விட்டு வேட்டையாடுவாராம். அதுல என்ன, மனசு நல்ல மனசு."

"தெரியுது" என்றார் துர்குத்.

இறைச்சிக் கொட்டகை ஓரத்தில் ஹிதிர் நின்றிருந்தான். கைகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. மேலே கோட்டு இல்லை. அந்தக் குளிரில் ஒரு மனிதனுக்குக் கோட்டை எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கொட்டகைக்குள் ஒரு குருட்டு ஆந்தைக்கு மட்டும் கம்பளி போர்த்தியிருந்தார்கள். துர்குத் தன் ஆளை அனுப்பிக் கோட்டைக் கொண்டுவரச் சொன்னார். சட்டப்படி கைவிலங்கு மாட்டச் சொல்லிவிட்டுக் கயிற்றை அவரே அறுத்தார்.

பிறகு கூண்டுக்குப் போனார்.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே. ஒன்று டாக்டரிடம், மற்றது ஹிதிரிடம். உள்ளே கழுகு மல்லாந்து, சிறகுகளை ஒடுக்கிக்கொண்டு, பனியின் மேல் கிடந்தது.

"தொடாதீங்க" என்று பின்னாலேயே வந்தாள் பெர்ரின். "கொடிய விஷம். காலைலேர்ந்து ஒருத்தரையும் கிட்ட விடல. உடனே எரிச்சாகணும், அடுப்பு மூட்டியாச்சு."

"அறுத்துப் பாக்க வேண்டாமா?"

"பாக்குறதுக்கு நான்தானே டாக்டர்? எனக்குப் பாத்தாலே தெரியுது."

துர்குத் கையுறையோடு குனிந்து கழுகைத் தூக்கினார். அலமாரியிலிருந்து தட்டை எடுப்பதுபோல் அலுங்காமல் கையோடு வந்தது. உடம்பு கல்லாக இறுகியிருந்தது. அடியில் இருந்த பனி கோதுமை மாவுபோல் உதிரியாக இருந்தது. கையுறையைக் கழற்றி அந்தப் பனியை விரலால் கிளறிப் பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? நேத்து ராத்திரி உறைநிலைக்குக் கீழ இருபது டிகிரி. கல்லாத்தான் இருக்கும்" என்றார் நுஸ்ரெத்.

"ஆமா, கல்லாத்தான் இருக்கு. இதை எரிக்கக் கூடாது. என் ஜீப்புல வைங்க."

டாக்டரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. வெறுப்பாக இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம்.

ஹிதிரைக் கொட்டகைக்குள் உட்காரவைத்து விசாரித்தார்.

"சாவி எங்க இருந்துச்சு?"

"கழுத்துல. கழட்டறதே இல்லீங்க."

"நேத்து அதுக்கு என்ன குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல. டாக்டரம்மா வேண்டாம்னுட்டாங்க. வயிறு சரியில்லையாம்."

"உனக்கு அப்படித் தெரிஞ்சுதா?"

"எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சா. ஆனா எதுத்துக் கேக்குற எடத்துலயா நான் இருக்கேன்?"

"காலைல கிட்ட போய்ப் பாத்தியா?"

"எங்கீங்க விட்டாங்க? கம்பிக்கு வெளிய நின்னு பாத்ததோட சரி."

"விஷம்?"

"நான் விஷம் வெச்சவன்தான், இல்லேங்கல. ஓநாய்க்கு வெச்சேன், மாட்டிக்கிட்டேன். இன்னொரு தடவை மாட்டினா ஜெயில்தான்னு கோர்ட்டுல சொல்லித்தான் விட்டாங்க. ஊர்ல என் பேரு ஓநாய்க்கொல்லி. என் பொண்டாட்டியை ஓநாய்க்கொல்லி பொண்டாட்டின்னுதான் கூப்பிடுவாங்க. இங்க வந்தப்புறம்தான் ஒருத்தர் ரெண்டு பேரு ஹிதிர் அண்ணேன்னு கூப்பிட்டாங்க. அதை நானே கெடுத்துக்குவேனா?"

கொட்டகைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு விலங்குக்கும் அன்றைக்கு உரிய தீனியை அதனதன் கொக்கியில் காலையிலேயே மாட்டிவிடுவது காப்பகத்து வழக்கம். கழுகுப் படம் ஒட்டியிருந்த கொக்கியில் அரை முயல், தோலும் ரோமமுமாக, உறைந்து தொங்கியது.

"இது இன்னிக்கு உள்ளதா?"

"நேத்து உள்ளது. இன்னிக்குத்தான் எதையும் மாட்டவே விடலையே."

கட்டடத்துக்குள் டாக்டர் தேநீர் கொடுத்தாள். கண்ணாடிக் கோப்பையில் சிவப்பாக, நல்ல சூட்டோடு. துர்குத் அதைத் தொடவில்லை. தேநீரை மறுக்கிற ஆளை அந்த மலையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நேத்து அதுக்கு என்ன தீனி, டாக்டரம்மா?"

"முயல். ஹிதிர்தான் வெச்சான். அதுலதான் விஷத்தைக் கலந்திருக்கான்."

"குடுக்க வேண்டாம்னு நீங்க சொன்னதாச் சொல்றான்."

"நானா? பறக்கப் போற பறவையை யாராவது பட்டினி போடுவாங்களா?"

"அவன் ஏன் கொல்லணும்?"

"நாய் வாலை நிமித்த முடியுமா, சார்ஜென்ட்? திருந்திட்டான்னு நெனச்சேன். என் தப்பு."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. காமிரா இல்லாதபோதும் கலங்கியதே என்று துர்குத் வியந்தார். பிறகு, காமிராக்காரன் கதவருகில் நிற்பதைக் கவனித்தார்.

நடைவழிக் கோடியில் ஒரு கதவில் சிவப்பு எழுத்தில் பலகை தொங்கியது. வெறிநோய் சந்தேகம், குள்ளநரி, உள்ளே வராதே. கூட வந்த காவலர் தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கினார்.

"எப்ப வந்துச்சு இது?"

"நேத்து சாயங்காலம். யாரோ வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. கதவைத் தெறக்காதீங்க, பாஞ்சுடும்."

துர்குத் கதவின் கீழ் இடுக்கருகே கொஞ்சம் நின்றார். பிறகு வெளியே வந்து, ஜீப்பில் சாய்ந்துகொண்டு, யாரோடும் பேசாமல் ஒரு சிகரெட் முழுவதையும் குடித்து முடித்தார்.

மத்தியானத்துக்குச் சற்று முன், கீழே பனி வாரும் வண்டியின் உறுமல் கேட்டது. பாதை திறந்தாயிற்று. நுஸ்ரெத் பரபரத்தார். "கெளம்புங்க, சார்ஜென்ட். இவனை ஏத்துங்க."

"ஏத்தலாம். முன்னாடி எல்லாரும் நடைவழிக்கு வாங்க. ஹிதிர், நீயும் வா. காமிராத் தம்பி, நீயும் வாப்பா. காலைலேர்ந்து பிடிச்சதை எல்லாம் எதுக்கு அரைகுறையா விடணும்?"

எல்லாரும் வந்தார்கள். துர்குத் சுவரில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"நான் இந்த மலைக்கு வந்ததுலேர்ந்து பனியில செத்த ஆடு, நாய், ஒரு தடவை வழி தவறின மனுஷன் வரைக்கும் தூக்கியிருக்கேன். ஒண்ணுகூட லேசுல வந்ததில்ல. மம்முட்டியால வெட்டித்தான் எடுக்கணும். உயிரோட விழுற ஒடம்புல சூடு இருக்கும். அந்தச் சூட்டுல கீழ பனி உருகும். அப்புறம் தண்ணி, ஒடம்பு, ரோமம் எல்லாம் சேர்ந்து ஒட்டிக்கிட்டு ஒறையும். இன்னிக்கு அந்தக் கழுகு என் கைக்குத் தட்டு மாதிரி வந்துச்சு. கீழ பனி மாவு மாதிரி கெடந்துச்சு, ஒரு சொட்டுகூட உருகல. அது அங்க விழுறப்பவே கல்லா இருந்திருக்கு."

"அப்படின்னா?" என்றார் நுஸ்ரெத்.

"அப்படின்னா அது கூண்டுல சாகல. செத்து, உறைபெட்டியில கெடந்துட்டு, நேத்து ராத்திரி வந்து படுத்திருக்கு. இங்க பொழைக்காமப் போற பறவைகளை எங்க வைக்கிறீங்க, டாக்டரம்மா? ராத்திரி இருபது டிகிரி குளிர்ல ஒறைஞ்ச பொணத்தை எவன் சந்தேகப்படுவான்னு நெனச்சீங்க. நல்ல கணக்குத்தான். அதனாலதான் ஹிதிரைக் கிட்ட விடல. அவன் தொட்டா, இது சுனா இல்லேன்னு சொல்லிடுவான். அதனாலதான் அடுப்பையும் மூட்டினீங்க."

பெர்ரின் காமிராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். துர்குத் விடவில்லை.

"நான் கருங்கடல் ஓரத்துக்காரன். எங்க ஊர்ல ஆம்பளைங்க கையில பருந்தை வெச்சுக்கிட்டுத்தான் தேநீர்க் கடையில உக்காருவாங்க. எங்கப்பாவும் அப்படித்தான். பறவையை வண்டியில தூர ஊருக்குக் கொண்டு போறதுன்னா கெளம்புறதுக்கு முன்னாடி தீனி குடுக்க மாட்டோம். குடுத்தா வழியெல்லாம் கக்கும், மூச்சடைச்சுச் சாகும். நேத்து முயல் இன்னும் கொக்கியில தொங்குது. அதை வெச்சுக்கிட்டே முயல்ல விஷம்னு சொல்றீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால பாத்தது இப்பத்தான். சுனா நேத்து ராத்திரியே பெரிய மனுஷனோட கெளம்ப வேண்டியது. பனி சரிஞ்சு பாதை அடைச்சிருச்சு. அப்ப அவ எங்க?"

அவர் சிவப்புப் பலகையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"வெறிநோய்னு ஒரு சந்தேகம் வந்தா, மொத தகவல் என் சாவடிக்கு வந்தாகணும். சட்டம். போன வருஷம் ஒரு நாய்க்காக ஊர் ஊரா நாயைக் கட்டிப்போட நான் அலைஞ்சேன், அப்ப தகவல் சொன்னதே நீங்கதான். இந்தக் குள்ளநரியைப் பத்தி எனக்கு ஒரு வார்த்தை வரல. மூடின ரூம்ல ஒரு ராத்திரி குள்ளநரி இருந்தா, கதவிடுக்குல மூக்கை வைக்க முடியாது. எனக்கு அங்க ஒரு நாத்தமும் வரல. சாவியைக் குடுங்க."

அவள் சாவியைக் கொடுத்தாள்.

அறை இருட்டாக, கணப்புச் சூட்டோடு இருந்தது. கட்டையில், கண்ணை மூடிய தோல் முகமூடியோடு, அலகைத் திறந்து இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சுனா. வெளிக் குளிருக்குப் பழகிய பறவைக்கு அந்தச் சூடு தாங்கவில்லை. முகமூடி புதிது, வெள்ளி நூலில் அந்தப் பெரிய மனிதரின் பண்ணை முத்திரை தைத்திருந்தது.

ஹிதிர் விலங்கு மாட்டிய கையை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.

"ஒரே ஒரு பறவை" என்றாள் பெர்ரின். குரல் இப்போது உடையவில்லை. "அதுக்குப் பதிலா புதுக் கட்டடம், சூடான அறைகள், எக்ஸ்ரே. வருஷத்துக்கு நூறு உயிரைக் காப்பாத்தலாம். உங்களுக்கு இதெல்லாம் புரியாது, சார்ஜென்ட்."

"கழுகை வித்தது புரியுது" என்றார் துர்குத். "அசிங்கம்தான், ஆனாலும் புரியுது. பறந்து போயிட்டான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். தேடுவாங்களேன்னு பொணத்தைப் போட்டீங்க. நோயில செத்தான்னா உங்க கைராசிக்குக் கெட்ட பேரு. அதனால ஒரு கொலைகாரன் வேணும்னு, உங்களை நம்பி வந்தவன் அலமாரியில விஷத்தை வெச்சீங்க. நூறு உயிர்ங்கிறீங்களே, அந்தக் கணக்குல இவன் வரலையா? புள்ளையையும் கிள்ளி, தொட்டிலையும் ஆட்டி, அதைப் படமும் பிடிக்கச் சொல்லி... சே."

அவர் பையிலிருந்து விலங்குச் சாவியை எடுத்தார்.

"எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே இந்த அம்மா மேல ஒரு சந்தேகம்" என்றார் நுஸ்ரெத்.

"நீர் பேசாதேயும்" என்றார் துர்குத். "ஓட்டலுக்குப் போய் உம்ம விருந்தாளியைப் பிடிச்சு வையும். நான் வர்றேன்."

ஹிதிரின் விலங்கைக் கழற்றி டாக்டருக்கு மாட்டினார்கள். கழுகைக் கூண்டுக்குக் கொண்டுபோய் முகமூடியை அவிழ்த்தது ஹிதிர்தான். சுனா உடம்பைச் சிலிர்த்து, குளிர்காற்றில் அலகை மூடிக்கொண்டது. அவன் மணிக்கட்டில் விலங்குத் தடம் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிடக்கூட நினைக்காமல் கொட்டகைக்கு ஓடி, உறைந்த முயலை வெந்நீரில் போட்டு இளக்கி எடுத்துவந்தான்.

ஜீப்பின் பின்னிருக்கையிலிருந்து பெர்ரின் கம்பியூடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணாடியைத் தட்டினாள். துர்குத் கதவைத் திறந்தார்.

"ஹிதிர்" என்று கூப்பிட்டாள். "மொத்தமும் குடுத்துடாதே. பட்டினி கெடந்திருக்கா. கொஞ்சங் கொஞ்சமா குடு, இல்லேன்னா கக்கிடுவா."

ஹிதிர் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து முயலைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டே பதில் சொன்னான்.

"தெரியும், டாக்டரம்மா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."