கலைக்கப்படாத கம்பெனி

அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்தப் பழைய வீட்டின் முன் ஜுவேரியா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, பட்டப்பகலிலேயே மழை இருட்டு கவிந்திருந்தது. ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காக ஓய்வுபெற்ற சுபேதார் கணேசமூர்த்தியைப் பார்க்க வந்திருந்தாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி புஷ்பம். உள்ளே விடும் முன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எல்லாம் கேளும்மா. டெல்டா கம்பெனி பத்தி மட்டும் கேக்காத.”

கூடத்தில் உட்கார்ந்து பெரியவர் நிதானமாக விளக்கினார். செக்‌ஷன்கள் சேர்ந்தால் பிளட்டூன், பிளட்டூன்கள் சேர்ந்தால் கம்பெனி. தம் பட்டாலியனில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று கம்பெனிகள் இருந்தன என்றார். அடுத்து நேராக எக்கோவுக்குப் போனார்.

ஜுவேரியாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நடுவில் ஒரு கம்பெனியை விட்டுவிட்டால் அது என்ன வரலாறு?

அவர் மழையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். எல்லைப் போரில் டெல்டா கம்பெனியின் மேல் ஒரு மலைச்சரிவே இடிந்து விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை. அவர்தான் அந்தக் கம்பெனியின் ஹவில்தார் மேஜர். தினமும் அவர்களை அணியில் நிறுத்துவதும் கலைத்து விடுவதும் அவர் வேலை. அன்று அவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு பட்டாலியன் அந்தப் பெயரை யாருக்கும் கொடுக்கவில்லை.

“இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்காங்கம்மா. நான் கலைச்சு விடணும். இவ விட மாட்டேங்கறா.”

புஷ்பம் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார்.

“டெல்டா கம்பெனி, சாவ்தான்.” அணியை விறைத்து நிற்கச் சொல்லும் ஹிந்திக் கட்டளை.

மழைச் சத்தம் நின்றது. மழை நிற்கவில்லை.

மொசைக் தரையில் ஒரே ஒரு அதிர்வு. நூறு பேர் ஒன்றாகக் குதிகால் சேர்த்த சத்தம்.

நனைந்த கம்பளி, துப்பாக்கி எண்ணெய், புதிதாகப் புரண்ட மண். கூடம் முழுக்க அந்த வாடை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜுவேரியாவின் தோளை ஒட்டி யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

“கலைச்சு விடுங்க,” என்று புஷ்பம் கிசுகிசுத்தாள். “சீக்கிரம்.”

கணேசமூர்த்தியின் உதடுகள் அசைந்தன.

குரல் வரவில்லை.

நின்ற நிலையிலேயே சரிந்தார். ஆனால் உடல் தரையில் மோதவில்லை. பல கைகள் தாங்கிப் பிடித்தது போல மெல்ல, மிக மெல்ல இறங்கியது.

உயிர் போயிருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஜுவேரியா மறுபடி போனாள். துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரும், ஏனென்று தெரியாமலே, சுவரோரமாகத்தான் நடந்தார்களாம். அணியைக் கலைக்கும் ஹிந்திக் கட்டளையைப் புஷ்பமும் தினமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“என் பேச்ச யாரு கேப்பா? அவரு சொல்லணும்.”

அப்போதுதான் அவள் கூடத்தைத் துடைத்திருந்தாள். தரை மெல்ல உலர்ந்தது. உலராமல் நின்றவை மட்டும் தெரியத் தொடங்கின. வரிசை வரிசையாக, குதிகால் ஒட்டிய பூட்ஸ் தடங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தனியாக, ஒரு ஜோடி வெறுங்கால் தடம்.

புஷ்பம் குனிந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“தொட்டுப் பாரும்மா,” என்றாள். “சூடா இருக்கு.”