மாதாவைத் தொட்ட விரல்

அலாரம் அலறிய பிறகுதான் தன் விரல் எங்கே இருக்கிறது என்பதே ரெஷ்மாவுக்குத் தெரிந்தது... குழந்தையை ஏந்தி நின்ற மாதாவின் பாதத்தில்!

குமரிக் கடலோர முட்டத்தில் பிறந்த கை அது. மாதா படத்தைக் கண்டால் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்யாமல் அதற்கு இருக்கத் தெரியாது. ஐரோப்பாவிலிருந்து நானூறு வருடத்துப் பழைய ஓவியங்கள் அபுதாபி மியூசியத்துக்கு வந்திருக்கின்றன என்று கேட்டு, குவைத்தில் நர்ஸாக இருப்பவள் ஒருநாள் லீவில் தன்னந்தனியாக வந்துவிட்டாள். குவைத்தின் ஃபர்வானியாவில் அவளுடன் இருக்கும் அண்ணன் ஜஸ்டஸுக்குக்கூடச் சொல்லவில்லை. “மாதாவே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

“தொடப்பிடாது. இது கோயில் இல்லையாக்கும்.”

நம்ம ஊர்த் தமிழ்! திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருவன். படம் மாட்டும் டெக்னீஷியன், பெயர் ஜெரிஷ் என்றது கழுத்து அட்டை. அந்தக் கண்களில் பாதி கோபம், பாதி சிரிப்பு... எதை நம்புவது என்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சூப்பர்வைசர் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். ஓவியத்தைச் சோதிக்கும் நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். சேதம் என்று அவர் சொன்னால் போலீஸ் கேஸ். அப்புறம் ஏழு மணி ஃப்ளைட் ஏது, நாளைக்கு டியூட்டி ஏது, வேலைதான் ஏது?

ஜெரிஷ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மார்த்தாண்டத்துக்காரன், மாதாவைக் கும்பிடாத சி.எஸ்.ஐ. குடும்பம். அவன் கேட்டதற்கு, ஃபர்வானியாவில் அண்ணனோடு இருப்பதாகச் சொன்னாள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றான். தொட்டது தப்பு என்று எழுதுவேன், கும்பிட்டது தப்பு என்று எழுத மாட்டேன் என்றாள் அவள். உயிரே நடுங்கும்போதும் இவ்வளவு வீம்பா என்று அவனுக்கு வியப்பு. கேலி செய்கிறான் என்று அவளுக்கு ரோஷம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்... ஆனால் அவன் அந்தப் பக்கம் போனதும் கண் தானாகவே தேடியது. பொல்லாத கண்!

அவன் போனது சூப்பர்வைசரிடம். தடுப்புக் கயிற்றை இன்னும் தள்ளிக் கட்டியிருக்க வேண்டும், நெருக்கிக் கட்டியது என் பிழை என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டான். அது உண்மையும்கூட. ஆனால் கேட்காமலே யார் ஒப்புக்கொள்வார்கள்? தன்னால் ஒருவன் வேலை போகப்போகிறதே என்று ரெஷ்மாவுக்குப் பயம் இரண்டு மடங்கானது. மூன்று மணிநேரம் ஜெபமாலை மணியை உருட்டினாள், பாதி ஜெபம் அவனுக்காக.

நிபுணர் வந்தார், டார்ச் அடித்தார், உற்றுப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்... பிறகு தலையை ஆட்டினார். ஒரு கீறலும் இல்லை. “கலாஸ்,” முடிந்தது என்று சூப்பர்வைசர் பாஸ்போர்ட்டை நீட்டினார். ஜெரிஷுக்கு ஒரு எச்சரிக்கையோடு போயிற்று.

வாசல்வரை அவன் கூடவே வந்தான்.

“உங்க வேலை போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“குவைத்துல தேடியிருப்பேன்... ஃபர்வானியா பக்கமா.”

அவளுக்குக் காது சூடேறியது. சி.எஸ்.ஐ. பையன் என்றால் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிடுவான் என்று மெல்லச் சொன்னாள். என் அம்மாவும் லேசில் சம்மதிக்க மாட்டாள் என்றான் அவன், தரையைப் பார்த்து. டாக்ஸி வந்து நின்றது.

ரெஷ்மா கதவைத் திறக்கவில்லை. போனை எடுத்தாள்.

“அண்ணா... நான் அபுதாபியில இருக்கேன். சொல்லாம வந்தது தப்புதான். ஏசணும்னா நான் வந்தப்புறம் ஏசு. இப்ப ஒண்ணு மட்டும் கேளு...” ஜெரிஷை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. பக்கத்துலதான் நிக்காரு. போனைக் குடுக்கட்டா?”