ராபியா கேட்ட தண்ணீர்

கறம்பக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிவெயில். அத்தா வாசலில் நின்றிருந்தார். பி.ஏ. முடித்துத் திருச்சியில் வேலைக்குப் போன மகள் என்னை எப்போதும் கேலி பேசித்தான் உள்ளே விடுவார். அன்று ஒதுங்கி வழி மட்டும் விட்டார்.

உள்ளறையில் அம்மாவை மக்கா இருக்கும் கிப்லாத் திசை பார்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். தலைமாட்டில் அம்மாவின் தங்கை, நூர்நிஷா சாச்சி, குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். சாம்பிராணிப் புகைக்கு அடியில் வேறொரு வாடை. வாடிய வேப்பிலையும் சீழும் கலந்த வாடை.

வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை.

சாச்சி என் காதோரம் குனிந்தார். நேற்றிலிருந்து அம்மா தண்ணீரே தொடவில்லையாம். உயிர் பிரியும் சக்ராத்து நேரத்தில் நாக்கு வறண்டு போகும். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறாளாம். கடைசி மூச்சோடு சொல்ல வேண்டிய கலிமாவைச் சொல்லிக் கொடுத்தாலும் வாய் திறப்பதில்லை. கலிமா இல்லாமலே ரூஹு பிரிந்துவிடுமோ என்று சாச்சிக்குப் பயம்.

"ராபியாவுக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்குங்குறா," என்றார்.

ராபியா என் ராத்தா, எனக்கு மூத்தவள். நான் சிறுமியாக இருந்தபோது, ஆவுடையார்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த ஊரில் பெரியம்மை கண்டு, மாமியார் வீட்டார் அவளைத் தோப்புக் கொட்டகையில் போட்டார்கள். அம்மாவும் அத்தாவும் ஓடினார்கள். அம்மா உள்ளே நுழையப் பார்த்ததும் கதவைப் பூட்டியது மாமியார் இல்லை. அத்தா. வீட்டில் சின்னவள் இருக்கிறாள், நோயைக் கொண்டுபோய் அவளுக்கும் கொடுக்கப் போகிறாயா என்று கேட்டாராம்.

சின்னவள் நான்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ராத்தா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அப்புறம் கேட்கவில்லை. அவள் உதட்டை யாரும் நனைக்கவில்லை. காதில் யாரும் கலிமா சொல்லவில்லை.

நனைத்த பஞ்சோடு அம்மாவிடம் குனிந்தேன். "பூட்டுனது நீ இல்லம்மா. அத்தா."

அம்மா கண் திறக்கவில்லை. "சாவியைப் புடுங்கியிருக்கணும்ல, தாயி."

அப்போது அந்த அறையின் கொல்லைக் கதவில் நகம் பிறாண்டியது.

"தண்ணி."

சாச்சியின் ஓதல் பாதி ஆயத்தில் நின்றது.

கூடத்திலிருந்து அத்தா ஓடிவந்து தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றார். "தொறக்காத."

"இன்னுமா, அத்தா?"

அவரைத் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

வெளியே யாரும் இல்லை. காயப்போட்ட கடலையும் வெயிலும்தான். ஆனால் காய்ச்சல் உடம்பின் கொதிப்பு ஒன்று என் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. வாடை குப்பென்று ஏறியது.

அம்மா கண் திறந்தாள்.

அவள் பார்வை கொல்லைக் கதவிலிருந்து கட்டிலோரம் வரை மெல்ல நகர்ந்து வந்து நின்றது. என் கையிலிருந்த பஞ்சைப் பறித்து, வெறும் காற்றில் நீட்டிப் பிழிந்தாள்.

கீழே பாயில் ஒரு சொட்டும் விழவில்லை.

மறுபடி நனைத்துக் கொடுத்தேன். மறுபடியும். எத்தனை தாகம், அல்லாவே, எத்தனை தாகம்.

"சொல்லு தாயி," என்றாள் அம்மா, அந்தக் காற்றிடம். "பயப்படாத. நான் சொல்றேன், கூடவே சொல்லு. லா இலாஹ இல்லல்லாஹு…"

சாச்சி என் வாயைப் பொத்தினார். கலிமா வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அதுவே கடைசி வார்த்தையாக நிற்க வேண்டும். அம்மாவிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"…முஹம்மதுர் ரசூலுல்லாஹ்."

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு யாரோ பிடித்து மெல்ல இறக்கிவைத்ததுபோல மெத்தையில் படிந்தது. நானும் தொடவில்லை, சாச்சியும் தொடவில்லை.

சாச்சி கண்களை மூடிவிட்டுத் தாடையைக் கட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். அத்தா நேராக உள்ளறைக்குப் போனார். கொல்லைக் கதவைத் தாழிட்டு வெளியே வந்து, அறைக்கே பூட்டுப் போட்டு, அதன் முன் உட்கார்ந்துவிட்டார். உயிர் பிரிந்த அறையில் விளக்கு வைக்க வேண்டுமே, பூட்டலாமா என்று சாச்சி கேட்டதும் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

பூட்டிய அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் வந்தது.

"அத்தா."

அம்மாவின் குரல் இல்லை. நேற்றுக் கொல்லைக் கதவில் தண்ணீர் கேட்ட குரல்.

அத்தா சாவியை என்னிடம் நீட்டினார். "நீ தொறம்மா. என்னால முடியல."

"பூட்டுனது நீங்க," என்றேன்.

சாவியை நான் வாங்கவில்லை. நீட்டிய கையை அவரும் மடக்கவில்லை. உள்ளே இருந்தவளுக்கு அவசரமே இல்லை. மெல்ல, மரியாதையாக, மறுபடி தட்டினாள்.