மணல்திட்டுல தோண்டுன ஊத்து

நண்டு இல்லங்க, அதான் விசயமே. ஒரு நண்டு கூட இல்ல. தாமிரபரணி கடலோட போயி முட்டுத எடத்துல அவ்ளோ நீளத்துக்கு மணல்திட்டு கெடக்கு, அதுல ஒரு வளை இல்ல, ஒரு கொக்கு காலடி கூட இல்ல. எதிர்க்கரையில மட்டும் கொக்கும் நாரையும் வெள்ள வெள்ளயா வரிசை கட்டி நின்னு, இந்தத் திட்டையே பாத்துட்டு இருக்கு. தேன்மொழிக்கு அது என்னமோ மாதிரி இருந்துச்சு.

"ஏட்டி, இங்கன ஏன் ஒரு பறவ கூட எறங்கல?"

"உன் மூஞ்சியப் பாத்துப் பயந்துருக்கும்"ன்னா ஹம்னா.

ரெண்டு பேரும் திருநெல்வேலி ஹாஸ்டல்ல மூணு வருசம் ஒரே ரூமு. தேன்மொழி முக்கூடல், ஆத்தோரத்துக்காரி. ஹம்னா காயல்பட்டினம். கல்யாணம் ஆகி பத்து நாளு ஆவுது, வர்ற வெள்ளிக்கிழம மாப்ளையோட துபாய்க்குக் கெளம்புதா. அத அவ தேன்மொழிகிட்ட சொல்லல. வேற ஒருத்தி சொல்லித்தான் முந்தாநேத்து தெரியும். போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது என்கூட இருன்னு சண்ட போட்டுத்தான் இந்தக் கடக்கரைக்கே வந்தது. ஹம்னா வாப்பாவுக்குத் தெரிஞ்ச எபனேசர் அண்ணன் வள்ளத்துல கொண்டாந்து எறக்கி விட்டுட்டு, மத்தியானம் வாரேன்னு போயிட்டாரு.

மொத ஒரு மணி நேரம் நல்லாத்தான் போச்சு. சிப்பி பொறுக்குனாளுவ, அலையில கால நனச்சாளுவ, போட்டோவா எடுத்துத் தள்ளுனாளுவ. வெயில் ஏற ஏற, உப்புக் காத்து ஒதட்டுல ஒட்டி வறவறன்னு இழுக்க, மணலு செருப்பத் தாண்டிச் சுட, பேச்சும் சுட ஆரம்பிச்சிட்டு.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னட்டி?"

"சொன்னா நீ இப்படித்தான் மூஞ்சியத் தூக்குவ."

"நீ போயிருவ. அப்புறம் என்னய யாருன்னு கேப்ப."

"ஆமா, கேப்பேன். இப்ப தண்ணி இருந்தா குடு."

தண்ணி எங்க இருக்கு? மிச்சம் இருந்த ஒரு பாட்டிலயும் ஹம்னாதான் கால் கழுவி ஊத்திருந்தா. தேன்மொழிக்குக் கோவம்னா கோவம். ஆனா பாருங்க, கோவத்துக்குள்ளயும் ஒரு ஆச, இவகிட்ட ஒரு தடவ கெத்து காட்டணும்னு.

"முக்கூடல்காரி இருக்கையில தண்ணிக்கு என்ன பஞ்சம்?"னு முட்டி போட்டு ஒக்காந்துட்டா. சித்திரையில ஆறு ஒடுங்குனா அவுக ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான். முழங்கை ஆழம் மணலப் பறிச்சு, மொதல்ல வர்ற கலங்கல அள்ளி வெளிய வீசிட்டு, தெளியுற வர பைய இருந்தா ஊத்துத் தண்ணி ரெடி.

"லூசு, அது ஆறு. இது கடலுட்டி."

ஆனா வந்துச்சு. கண்ணாடி கணக்கா, ஐஸு மாதிரி. வாசம் கடல் வாசம் இல்ல. ஆத்துப் பாசி வாசம், அதுக்கு அடியில ரொம்ப நாளா மூடிக் கெடந்த கொடத்தத் தொறந்தா வருமே, அந்த வாசம். தேன்மொழி கையக் குவிச்சுக் குனியுததுக்குள்ள ஹம்னா தோளால ஒரு இடி இடிச்சுத் தள்ளிட்டு ஒரு கை அள்ளிக் குடிச்சா.

"ஏட்டி! இனிக்குது!"

அடுத்து கையெல்லாம் இல்ல. குப்புறப் படுத்து வாயையே வச்சிட்டா.

மடக். மடக். மடக்.

"எருமமாடு தோத்துரும் உங்கிட்ட"ன்னு தேன்மொழி சிரிச்சா. ஒரு நிமிசம் ஆச்சு. ரெண்டு நிமிசம் ஆச்சு. ஹம்னா முடி ஊத்துக்குள்ள பரந்து கெடக்கு, தண்ணி மட்டம் ஒரு விரக்கட கூட எறங்கல. எப்ப காத்து நின்னுச்சு? அலை எப்ப நின்னுச்சு? கேக்குறது இந்த மடக் மடக் மட்டுந்தான்.

"போதும்ட்டி. வயிறு வலிக்கும்."

தேன்மொழி பக்கத்துல சாஞ்சு பாத்தா. ஒதடு தண்ணியில இருக்கு. தொண்ட அசையல.

சத்தம் மட்டும் வருது.

கீழ இருந்து வருது.

ஹம்னா குடிக்கல.

தேன்மொழி அவ தோளப் புடிச்சு இழுத்தா. கனமே இல்ல. வெறுஞ்சாக்கு. கையப் புடிச்சா, கல்யாண மருதாணிக் கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. தோலு சுருங்கிப் போச்சு. அந்தக் கை இவ கைய இறுக்கிப் புடிச்சிச்சு.

அப்பதான் வள்ளச் சத்தம். எபனேசர் அண்ணன் தூரத்துலயே மோட்டார நிப்பாட்டிட்டாரு.

"அண்ணே! எறங்கி வாங்கண்ணே!"

அவரு எறங்கல. ஹம்னாவப் பாக்கல. ஊத்தப் பாத்தாரு.

"யாரு பிள்ள தோண்டுனது?"

"நாந்தான்."

"நீ குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப அவ கைய விட்டுட்டு வா. ஓடி வா."

"இவ?"

"நீங்க தோண்டுவீங்கன்னு நான் கண்டேனா? இந்தத் திட்டுல எங்க ஊருச் சின்னப் பிள்ளைக கூட மணல் வீடு கட்டாது. விடு பிள்ள கைய!"

தேன்மொழியால முடியல. நாந்தான தோண்டுனேன். நாந்தான. முட்டிக்குக் கீழ சில்லுன்னு ஈரம். சுத்தி இவளுவ நடந்த காலடித் தடம் ஒவ்வொண்ணுலயும் தண்ணி ஊறிட்டு வருது. ஒவ்வொண்ணுலயும் மடக். மடக்.

ஹம்னா மொகம் பைய திரும்புச்சு. கருவாடா வத்திப் போன மொகம். ஒதடு மட்டும் ஈரம். அந்த வாய் தொறக்கவே இல்ல. ஆனா குரல் கேட்டுச்சு. ஊத்துக்குள்ள இருந்து. அடியில இருந்து. அவ குரலேதான்.

"ஏட்டி, நான் இங்கனதான் இருக்கேன். இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டுட்டி."

மோட்டார் சத்தம். தூரமாப் போவுது.

ஒரு கையில ஹம்னா கை. விடல.

இன்னொரு கை மணல அள்ளுது. நகம் பிஞ்சு ரத்தம் வருது. அள்ளுது. முழங்கை ஆழம். தோள் ஆழம். உள்ள இருந்து, சின்னதா, ஒரு விரல் இவ விரலத் தொடுது.

இப்ப நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா விட்டுட்டு ஓடியிருப்பீங்களா, இல்ல அந்த விரலப் புடிச்சிருப்பீங்களா?