கதவுக்கு வெளியே ஒரு புகார்

2003 அக்டோபரில், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, கல்யாணி தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்க வந்து இறங்கினாள். சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டி, பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த சிறிய ஊர். ஒன்பது வருடத்துக்கு முன் இதே தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தவள்தான் அவள். மாற்றல் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனபோது, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று நினைத்திருந்தாள். பதவி உயர்வு அவளை இங்கேயே கொண்டுவந்து போட்டது.

பழைய ஆட்களில் சத்துணவு சமைக்கும் ரெபேக்காள் மட்டும் மிச்சமிருந்தாள்.

"நீங்களா டீச்சர்?" என்றாள். சிரிக்கவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு நீள மணி அடித்து, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடம் அடங்கியது. மேகம் கவிந்து அறை இருட்டாகக் கிடந்தது. கல்யாணி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று சேற்று நாற்றம் வந்தது. அழுகிய பாசியும் உப்பும் கலந்த, கால்வாயின் அடிமண் நாற்றம்.

சாத்தியிருந்த கதவுக்கு வெளியே ஒரு குழந்தையின் குரல்.

"டீ... டீ... டீச்சர்."

பேனா நின்றது.

"ஒ... ஒண்ணு சொல்லணும்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வராந்தாவில் ஒருவரும் இல்லை. வாசற்படிக்கு முன்னால் மட்டும், ஒரு குழந்தை நிற்கக்கூடிய அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே கூரை ஒழுகவில்லை.

அந்தத் திக்கல் அவளுக்குத் தெரிந்த திக்கல்.

ஆராயி. 1994இல் அவள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தவள். பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் வகுப்பே சேர்ந்து "உ... உ... உ..." என்று ஊளையிடும். கல்யாணி அதட்டியதில்லை. ஒரு தடவை அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆராயி அதைப் பார்த்துவிட்டாள்.

அப்படியும் ஒரு நாள் மணி அடித்த பிறகு அவளைத் தேடி வந்து நின்றது அந்தப் பெண். பின்னல் அவிழ்ந்து, முழங்கை சிராய்த்திருந்தது. "டீ... டீச்சர், ஒ... ஒண்ணு சொல்லணும்." கல்யாணிக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "நீ ஒழுங்கா இருந்தா உன்னை யார் என்ன செய்யப் போறா? போ" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆராயி தெரு வழியே போகவில்லை. மற்றப் பிள்ளைகள் கண்ணில் படாமல் கால்வாய்க் கரையோரமாகவே வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் நாள் அவளைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் கல்யாணி சொன்னது ஒரே வரி: "என்கிட்ட எந்தப் புகாரும் வரலை சார்."

வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்கு அதே குரல் வந்தது. அன்று கல்யாணி கதவைத் திறக்கவில்லை, தாழ்ப்பாள் போட்டாள். திங்கள், செவ்வாயும் அப்படியே. செவ்வாய்க்கிழமை, குரல் ஓய்ந்த பிறகு வெளியே வந்தவளை ரெபேக்காள் வழிமறித்தாள்.

"உங்களுக்குக் கேக்குதுல்ல டீச்சர்?"

"என்னது?"

"ஒம்பது வருசமா அது எங்க யார்கிட்டயும் வந்ததில்ல. அன்னிக்கு உங்களாண்ட சொல்ல வந்திச்சே, நான் அடுப்பாண்ட குந்திகினு கேட்டேன். ஆபீசர் கேட்டப்ப நானும் வாயத் தொறக்கல." ரெபேக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா பொழப்பு டீச்சர் இது, ரெண்டு பேருக்கும்."

கல்யாணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை மழை வலுத்தது. மணி அடித்ததுமே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நாற்காலியில் குறுகி உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்."

அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், என் பைய தூக்கி..." அழுகை. மறுபடி தட்டல். பிறகு சின்னக் கால்கள் ஓடும் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது.

கையை எடுத்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த நாற்றம்.

இந்தத் தடவை அது வெளியே இல்லை.

அவள் நாற்காலிக்குப் பின்னால், கழுத்துக்கு வெகு அருகில், குளிர்ந்த மூச்சு.

"டீ... டீச்சர். அ... அவ போயிட்டா."

அப்போதுதான் உறைத்தது. கதவைத் தட்டிய குரல் திக்கவில்லை. அது ரேணுகா. மூன்றாம் வகுப்பு ரேணுகா. முகத்தில் வெண்திட்டு உள்ளவள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, பிள்ளைகள் தட்டோடு தூரத்தில் உட்கார வைக்கும் ரேணுகா. அதைக் கல்யாணி முதல் நாளே பார்த்தாள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை. கால்வாய்க் கரையில் ஒரு மண்சரிவுக்குக் கீழே, இடுப்பளவுத் தண்ணீரில், ரேணுகா நாணலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். எட்டாத தூரத்தில் அவளுடைய புத்தகப் பை மிதந்துபோனது. கல்யாணி சறுக்கி இறங்கி, அவள் தலைமுடியையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து மேலே இழுத்தாள்.

"எங்க கிளாஸ் கண்ணகி பைய தண்ணில தூக்கிப் போட்டுட்டா டீச்சர்" என்று பல் கிட்டிக்கச் சொன்னாள் ரேணுகா. "எடுக்கலாம்னு எறங்கினேன். தண்ணி இழுத்துகினு போச்சு. கீழ ஒரு அக்கா என் காலப் புடிச்சிகினு இருந்தாங்க."

"இழுத்தாளா?"

"இல்ல டீச்சர். வுடாம புடிச்சிகினாங்க."

மறுநாள் கல்யாணி எல்லாப் பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் வரவழைத்தாள். கண்ணகியை அவள் அடிக்கவில்லை. என்ன செய்தாள் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்தாள். பிறகு, "இப்ப நான் செஞ்சதைச் சொல்றேன்" என்று ஆரம்பித்து, ஒன்பது வருடப் பொய்யை அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். அதையே எழுதிக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பினாள். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து முன்னால் வந்தாள். ஆராயியின் அம்மா.

"புகாரே வரலன்னு சொன்னியே," என்றாள். "என் பொண்ணுக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும். பேச வராதது கஷ்டப்பட்டு உன்னாண்ட வந்து பேசிச்சு. நீ இன்னா பண்ண?"

கல்யாணி கையைக் கூப்பினாள். அந்த அம்மாள் அதைப் பார்க்காமல் வெளியே நடந்தாள். மன்னிப்பு கிடைக்கவில்லை. கேட்கவும் கல்யாணிக்கு வாய் வரவில்லை.

அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை அவள்தான் தலைமையாசிரியை. பிள்ளைகளைத் தனியே அனுப்புவதை நிறுத்தினாள். தினமும் மணி அடித்ததும் அவளே தெரு வழியாகக் கூட்டிப் போய், வீடு வீடாக விட்டுவிட்டு வந்தாள். கடைசி வீடு ரேணுகாவுடையது.

பத்து நாள் கழித்து, மழை விட்டு வெயில் அடித்த ஒரு சாயங்காலம். ரேணுகா தன் வீட்டுப் படலைத் திறந்தவள், உள்ளே போகாமல் நின்றாள். கல்யாணியின் இடது கைப் பக்கம் பார்த்தாள்.

"டீச்சர்," என்றாள் மெதுவாக. "தெனமும் என்னை வுட்டுட்டு இந்த அக்காவக் கூட்டிகினு போறீங்களே. இவங்களுக்கு வூடு எங்க கீது?"

தெருவில் அவர்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

கல்யாணியின் இடது கைக்குள், ஐந்து சின்ன விரல்கள் மெல்ல இறுகின.