மூன்று பேருக்கு மட்டும்

“செத்துப்போனவங்க பேரு லிஸ்ட்ல எதுக்கு? எடுத்துடுங்க.”

கல்யாணத்தன்றே நாத்தனார் காதைக் கடித்திருந்தாள்: “என்ன வேணா கேளு. மூத்தவ பேரை எடுக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாதே.” இன்று இவள் கேட்டுவிட்டாள். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த கணவன் நிமிரவில்லை.

“குழந்தை அம்மாவோட பழைய மெயிலைப் படிச்சுட்டுப் போகட்டுமே. உனக்கென்ன?”

“எனக்கென்னவா? ஒரு வருஷமா தலை வாரி விடறேன். இன்னும் நான் சித்திதான்.”

அந்த லிஸ்ட்டைத் திறக்கும் பாஸ்வேர்டை ஒரு தாளில் கிறுக்கி மேஜைமேல் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

எட்டு வயதுப் பெண்ணின் மின்னஞ்சலுக்கு மூன்று பேர்தான் எழுதலாம்: அப்பா, டீச்சர், அம்மா. வேறு யார் அனுப்பினாலும் அது குழந்தைக்குப் போகாது. பெரியவர்கள் பார்த்து அனுமதிக்கும்வரை தனிப்பெட்டியில் கிடக்கும். தன் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? ஒரே தட்டு. மூன்றாவது பெயர் போயிற்று. முள்ளைப் பிடுங்கிய சுகம்.

பிற்பகல், திரை விலக்காத கூடத்தில் ஃப்ரிட்ஜின் முனகலும், மழைக்கு முந்தைய புழுக்கமும், எங்கிருந்தோ ஈரக் கூந்தலின் வாசனையும் கலந்து சுவரோரமாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது, மடிக்கணினி டிங் என்றது. தனிப்பெட்டியில் ஒரு கடிதம். காலையில் அவள் நீக்கிய அதே முகவரியிலிருந்து.

‘தங்கம், சித்தி ரொம்ப இழுத்து வாரிட்டா இல்ல? இடது காதுக்கு மேலதானே வலிக்குது?’

பள்ளி விட்டு வந்த குழந்தைக்கு வாரிவிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கதவு சாத்திய அறையில்.

கணவனுக்குப் போன் போட்டாள். “அவ மெயில்லேர்ந்து எழுதறது நீங்களா? என்ன விளையாட்டு இது?”

“நானா? அவ பாஸ்வேர்டா? அது அவளோடயே போச்சும்மா. யாருக்கும் தெரியாது.”

அந்தக் கடிதத்தை நிராகரித்தாள். டிங்.

‘பாரு, அவளுக்கு நெத்தி வேர்க்குது.’

கை தானாக நெற்றிக்குப் போனது. ஈரம். பயம் ஒரு பக்கம், அதற்கும் மேலே வயிற்றெரிச்சல். செத்தும் ‘தங்கம்’ என்று கொஞ்சுகிறாளே! நானும் எழுதுகிறேன்டி. ‘கண்ணு, சித்திக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்.’ அனுப்பினாள்.

டிங். அதுவும் தனிப்பெட்டியில் வந்து விழுந்தது. அந்தப் பெயரைத் தூக்குவதிலேயே குறியாக இருந்தவள், தன் பெயரைச் சேர்க்க மறந்திருந்தாள். இரண்டு கடிதங்கள். ஒன்றன்கீழ் ஒன்று.

அறைக்குள் சிரிப்பொலி.

கதவிடுக்கில் பார்த்தாள். தரையில் குழந்தை. மூடிய கண்கள். பின்னால் சாய்ந்த தலை. சீப்பு மேலிருந்து கீழே இறங்கியது. மெல்ல. பிடித்திருக்கும் கை இல்லை. கூந்தல் மூன்றாகப் பிரிந்தது. பின்னிக்கொண்டது. ஒரு முடி இழுபடவில்லை.

தன் கைக்குக் கீழே ஒருநாளும் அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை.

திரும்பி வந்தாள். தன் கடிதத்தை அழித்தாள். மற்றதை அனுமதித்தாள். பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள்.

“சித்தி போறாங்களாம்மா?” அறைக்குள்ளிருந்து குழந்தையின் குரல்.

“ம்.” அது குழந்தையின் குரல் இல்லை.

வாசலைத் தாண்டினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே மேல்தாழ்ப்பாள் விழுந்தது. குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள்.