ஜெர்மன்காரன் செம்புத் தொப்பி

புதுச் சாமான் என்றுதான் துரை சொல்லியிருந்தார். ஆனால் ஆற்றில் முக்குளிக்கிறவன் தலையில் மாட்டும் அந்தச் செம்புத் தொப்பியின் உள்பக்கத் தோலில், பொன்னிறத்தில் நாலு முடி ஒட்டிக்கொண்டிருந்தது.

சண்டையில் தோற்ற ஜெர்மன்காரனிடமிருந்து பிடுங்கி வந்த சாமான். தொப்பிக்குள்ளேயே டெலிபோன் இருந்தது. ஆற்றடியில் இருப்பவன் பேசினால் படகில் கேட்கும். ரங்கூன் ஆற்றங்கரையில் அலோன் படகுத்துறையே வாயைப் பிளந்தது. முன்பு அதைப் போட்டிருந்தவனின் பெயரை மட்டும் யாரோ அரத்தால் தேய்த்து அழித்திருந்தார்கள்.

"அண்ணே, செத்தவன் சாமான் மாதிரி இருக்கு. ஒரு பிடி சோறு படைச்சிட்டு இறங்குறேனே" என்றான் சொக்கன்.

"மிஷினுக்கு எவன்டா சோறு படைப்பான்?"

அண்ணன் மாரிச்சாமி சிரித்தான். ஆயுத பூஜைக்குச் செய்வதுபோல் தொப்பிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, "வா ராசா, எங்க வீட்டுப் பிள்ளையா இரு" என்று வரவேற்றான். தம்பியின் தலையில் அவனே மாட்டித் திருகினான்.

மத்தியான மழை ஆற்றின் மேல் சளசளவென்று கொட்ட, படகில் கூலியாள் அமீர் அலி காற்றுப் பம்பைச் சுற்றும் கிறீச்சொலியோடு எண்ணெய் நாற்றமும் சேற்று வாடையும் கலந்து வர, மாரிச்சாமி டெலிபோன் காதுக்குழாயை அழுத்திப் பிடித்து, ஆற்றடியில் இறங்கிவிட்ட தம்பியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அறுந்துபோன நங்கூரத்தைத் தேடி எடுக்கும் வேலை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

மூச்சு இரண்டாகக் கேட்டது. ஒன்று வேகமாக. இன்னொன்று நிதானமாக.

"அண்ணே, உள்ளே யாரோ இருக்கான்."

"சொக்கா!"

"எனக்கு இடமில்லண்ணே..."

மாரிச்சாமி காதுக்குழாயைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்தான். அம்மா இல்லாத பிள்ளை. கப்பலேற்றி ரங்கூனுக்குக் கூட்டி வந்ததே அவன்தான். கயிற்றை இழுத்தான். கை கிழிந்தது. இழுத்தான்.

சொக்கன் வந்துவிட்டான். உயிரோடுதான். தொப்பியைத் திருகி எடுத்ததும் மாரிச்சாமி அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

தம்பி பதிலுக்குக் கட்டிக்கொள்ளவில்லை. மழையை வேடிக்கை பார்த்தான்.

"சொக்கா?"

திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டான். அதற்கும் இல்லை.

பலகையில் கிடந்த காதுக்குழாயில் ஏதோ முனகியது. மாரிச்சாமி எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணே, ஏன் இன்னும் இழுக்கல? இருட்டா இருக்குண்ணே..."

தம்பியின் குரல். தொப்பி காலடியில். காலி.

தம்பியின் முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தவன் தொப்பியை மடியில் எடுத்து வைத்தான். பழகிய விரல்களால், அவசரமில்லாமல், டெலிபோன் கம்பியைக் கழற்றத் தொடங்கினான்.